ஐப்பசி வந்தால் மிதிவண்டி மூலைக்குப் போய்விடுகிறது: தை வரை விடாமல் ஓட்டுபவர்கள் வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை_48
அக்டோபர் 14, இரவு 9:50

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு வயது 48. சென்ற ஆண்டு மாசியில் இரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை என்று வந்தது. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். முழங்கால் வலி இருப்பதால் நடை எனக்கு ஒத்துவரவில்லை. மகன் பதினோராம் வகுப்பில் வாங்கிய இலவச மிதிவண்டி மாடிப்படியின் கீழ் கிடந்தது. அதைத் துடைத்து, காற்றடித்து, ஓட்டத் தொடங்கினேன். பங்குனி முதல் புரட்டாசி வரை காலை 5:30 மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலை வழியாகத் திருவொற்றியூர் தேரடி வரை போய்த் திரும்புவேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.4 இலிருந்து 6.9 க்கு இறங்கியது. மாத்திரையைக் கூட மருத்துவர் பாதியாகக் குறைத்தார்.

அப்புறம் ஐப்பசி பிறந்தது. முதல் நாள் பெருமழை, போகவில்லை. மறுநாள் தூறல், போகவில்லை. மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது, அன்றும் போகவில்லை. தீபாவளி வந்தது, கார்த்திகை வந்தது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் வண்டியைப் பார்த்தேன். செயின் துருவேறி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. அந்த மாதம் எடுத்த பரிசோதனையில் 8.1.

இந்த ஆண்டு மறுபடி தொடங்கி இன்றுவரை ஓட்டுகிறேன். ஆனால் இன்று காலை ஐந்து மணிக்குச் சன்னலைத் திறந்தபோது தெருவிளக்கின் கீழே சாரல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. சன்னலைச் சாத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். சென்ற ஆண்டும் இப்படித்தான் தொடங்கியது என்று படுக்கையிலேயே நினைவு வந்தது. அப்போதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை.

மழை, இருட்டு, மார்கழிப் பனி எல்லாவற்றையும் தாண்டி ஓட்டுபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எப்படி என்று சொல்லுங்கள்.

கொடுங்கையூர்_நேயன்
அக்டோபர் 14, இரவு 10:35

அண்ணா, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மூன்று மாதம் விட்டுவிடுங்கள். வடசென்னைச் சாலைகள் மழைக்காலத்தில் சைக்கிளுக்கு உகந்தவை அல்ல. ஒரு நல்ல மழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிடுகிறது. தோண்டிய பள்ளத்தின் மேல் தண்ணீர் நின்றால் பள்ளம் எது, சாலை எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில் அப்படி ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு மாடிப்படியை இருபது முறை ஏறி இறங்கினாலும் வியர்க்கும், சர்க்கரையும் இறங்கும். உயிரைவிட ஒரு வழக்கம் பெரிதில்லை.

காலடிப்பேட்டை_காற்று
அக்டோபர் 15, காலை 8:10

தம்பி, இதே கடற்கரைச் சாலைகளில் முப்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நேயன் சொன்ன ஆபத்து உண்மை, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் அச்சத்தைப் பார்ப்போம்.

மழைக்காலம் என்றதும் மூன்று மாதமும் இடைவிடாமல் கொட்டுவது போல மனம் ஒரு படம் போட்டுவிடுகிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சராசரியாக 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆனால் அது புயலாகவும் தாழ்வு மண்டலமாகவும் வந்து சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று எழுதும். அந்தக் கணக்கில் இந்த 92 நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மழைநாள். அந்த மழைநாளிலும் நீங்கள் ஓட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் பெய்ய வேண்டுமே! சென்ற ஆண்டு தினசரி நாட்காட்டியில் தாள் கிழிக்கும்போதெல்லாம் குறித்து வைத்தேன். காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே மழை பெய்த நாட்கள் 19. அதில் ஓட்டவே கூடாத அளவுக்குப் பெய்தவை எட்டு.

உங்கள் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் நாள் மழை, சரி. மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்களைத் தடுத்தது எது?

இன்னொன்று காற்று. பருவமழைக் காலத்தில் வாடையும் கொண்டலும்தான் வீசும், அதாவது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். நீங்கள் தேரடிக்குப் போவது வடக்கு நோக்கி. கோடையில் சுலபமாகப் போன தூரம் இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். உடம்பு தளர்ந்துவிட்டதோ என்று எண்ணிவிடாதீர்கள், காற்றின் வேலை அது. திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே மூலக்கொத்தளம் பக்கம் முதலில் போகிறவர்களுக்குத்தான் கஷ்டம். களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்று எதிரே நிற்கும். இந்தப் பருவத்தில் எப்போதும் வடக்கே போய்த் தெற்கே திரும்புங்கள்.

தண்டையார்பேட்டை_48
அக்டோபர் 15, மாலை 6:20

ஐயா, உங்கள் கேள்விக்கு நாள் முழுவதும் பதில் தேடினேன். மூன்றாம் நாள் என்னைத் தடுத்தது முதல் இரண்டு நாட்கள்தான். இரண்டு நாள் போகாதவன் மூன்றாம் நாளும் போகாமல் இருப்பது அவ்வளவு எளிதாக இருந்தது.

மின்ட்_பட்டறை
அக்டோபர் 15, இரவு 11:05

வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் பழுது பார்க்கிறேன். அப்பா காலத்துக் கடை. ஒவ்வொரு தையிலும் என் கடை வாசலில் துருப்பிடித்த வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் மனம் தளர்ந்து விட்டதாகத்தான் சொல்வார்கள். வண்டியைத் தொட்டுப் பார்த்தால் எனக்கு வேறு கதை தெரியும். பலருக்கு முதலில் தளர்ந்தது வண்டி. செயின் கிறீச்சிடும், பிரேக் பிடிக்காது, மிதித்தால் கனக்கும். அப்படிப்பட்ட வண்டியை மழையில் ஓட்டிப் பார்த்தவனுக்கு மறுநாள் எப்படி ஆசை வரும்? எனவே வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செயின். நம் பக்கம் கடல் உப்பும் மழையும் சேர்ந்து தாக்குகின்றன. மழையில் நனைந்த செயினை ஓர் இரவு அப்படியே விட்டால் காலையில் செம்பழுப்பு நிறம் தட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றுங்கள். துணி காய்ந்து வரும் வரை துடையுங்கள். பிறகு ஒவ்வொரு கணுவிலும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கணுவின் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் மணலைப் பிடித்துக்கொண்டு செயினை அரைக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலைக்கு வைக்கும் பாட்டிலை மார்கழிக் காலையில் பாருங்கள், உறைந்திருக்கும். செயினிலும் அதே கதிதான்.

பிரேக். இலவச மிதிவண்டிகளில் இரும்பு ரிம். அது நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், கோடையில் நின்ற தூரத்தில் நிற்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு முறை மெதுவாகப் பிடித்து விடுங்கள். ரிம்மில் ஒட்டிய தண்ணீர் வழித்துப் போகும். அதன் பிறகு அழுத்தினால் பிடிக்கும். கட்டை தேய்ந்திருந்தால் ஐப்பசிக்கு முன் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டியை இறக்கவே வேண்டாம். ஓட்டினாலும் தள்ளினாலும் ஒன்றுதான். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் மோர் போல வெளுத்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் குண்டுகள் துருவேறிக் குழி விழும். தவிர்க்க முடியாமல் இறக்கிவிட்டால் அதே வாரத்தில் பிரித்து கிரீஸ் மாற்றுங்கள்.

பின் மட்கார்டின் முனையில் ஒரு சாண் நீள ரப்பர் நாக்கு வைத்துத் திருகிக்கொள்ளுங்கள். பழைய ட்யூபை வெட்டினாலே போதும். முன்சக்கரத்துக்கும் அப்படியே. சேறு முகத்திலும் முதுகிலும் அடிக்காமல் இருந்தாலே பாதி வெறுப்பு போய்விடும்.

மழையில் பஞ்சரும் அதிகம். கண்ணாடித் துண்டுகளைத் தண்ணீர் சாலை ஓரத்துக்கு அடித்து வருகிறது, ஈர ரப்பரில் அவை சுலபமாக இறங்குகின்றன. எனவே சாலையின் ஓர விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். ஒரு ட்யூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

வியாசை_வண்டி
அக்டோபர் 16, காலை 7:30

மின்ட் அண்ணா எழுதியதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சேர்க்கை: ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள். சக்கரம் தண்டவாளத்துக்கு நேர் குறுக்காக இருக்கட்டும், கடக்கும்போது திருப்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடும் அப்படித்தான்.

நான் வியாசர்பாடியிலிருந்து பெரம்பூரில் ஓர் ஆய்வகத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். 2008 இல் அரசு கொடுத்த சைக்கிளில்தான் ஓட்டப் பழகினேன். எல்லாரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் போன்ற பெண்களுக்கு மழையைவிட இருட்டுதான் பெரிது. ஜூன் மாதம் 5:45 க்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. டிசம்பர் கடைசியில் ஆறரையை ஒட்டித்தான் வருகிறது. பகல் மிகக் குறுகியது டிசம்பர் 21 என்பார்கள், ஆனால் காலை இருட்டு அதற்குப் பிறகும் நீளும். ஜனவரி பிற்பாதியில்தான் சூரியன் மிகவும் தாமதமாக எழுகிறது. பொங்கல் முடிந்தும் ஏன் விடியவில்லை என்று முதல் ஆண்டு குழம்பினேன்.

ஆளில்லாத சந்தில் தெருவிளக்கு எரியாவிட்டால் போகவே மனம் வராது. அதற்கு எனக்கு உதவியவை மூன்று. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் பேட்டரி விளக்கு. டைனமோ ஈரமான டயரில் வழுக்கும், மழையில் அதை நம்பாதீர்கள். இரண்டாவது, அரைக் கிலோமீட்டர் சுற்றினாலும் டீக்கடையும் பால் வண்டியும் உள்ள தெருவழியாகவே போவது. மூன்றாவது, பால் போடும் அக்கா ஒருவர். ஜமாலியா அருகே தினமும் 5:40 க்கு எதிரே வருவார். ஒரு நாள் நான் வரவில்லை என்றால் மறுநாள் நிறுத்தி, "நேத்து என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே பல நாள் எழுந்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை_பெரியவர்
அக்டோபர் 16, பிற்பகல் 3:15

இதைப் படித்ததும் என் தகப்பனார் நினைவு வந்துவிட்டது. பெரம்பூர் பின்னி ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தார். கொருக்குப்பேட்டையிலிருந்து ஹெர்குலஸ் வண்டியில்தான் போவார். அம்பத்தூரில் செய்த வண்டி. மழைநாளில் கோணிப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகிக் கூம்பாக்கித் தலையில் மாட்டிக்கொள்வார், அது முழங்கால் வரை தொங்கும். சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டாமல் மார்போடு அணைத்து, ஒற்றைக் கையால் ஓட்டுவார். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். திரும்பி வந்ததும் அம்மா அந்தக் கோணியைப் பிழிந்து அடுப்புக்கு மேலே கொடியில் போடுவார். வீடெல்லாம் ஈரச் சணல் வாசம் வரும். ஆலை 1996 இல் மூடப்பட்டது. அந்த வாசம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவருக்கு ஊக்கம் என்ற சொல்லே தேவைப்பட்டதில்லை.

கொடுங்கையூர்_நேயன்
அக்டோபர் 16, இரவு 9:00

பெரியவர் ஐயா, உங்கள் தகப்பனாரை வணங்குகிறேன். ஆனால் அவர் போனது கூலிக்காக, வேறு வழி இல்லாததால். இன்றும் தேநீர்க் கேனைக் கட்டிக்கொண்டும் மீன் கூடையைக் கட்டிக்கொண்டும் மழையில் மிதிக்கிறவர்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஒரு நாளாவது வீட்டில் இருக்க முடியாதா என்றுதான் சொல்வார்கள். வற்புறுத்தலை ஊக்கம் என்று சொல்லிவிடக் கூடாது. தண்டையார்பேட்டை அண்ணாவுக்கு வீட்டில் இருக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதுதான் அவருடைய சிக்கலே.

காலடிப்பேட்டை_காற்று
அக்டோபர் 17, காலை 8:40

நேயன் சொன்னது சரி. வாய்ப்பு இருக்கிறவனுக்கு ஆலைச் சங்கு ஊதாது. ஆனால் வியாசை மகள் எழுதியதைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்தான் அவரும். விடுப்புப் போட்டிருக்கலாம், பஸ்ஸில் போயிருக்கலாம். அவரைச் சைக்கிளில் ஏற்றியது பால்கார அம்மாவின் ஒரு கேள்வி. என் அனுபவமும் அதுதான். உள்ளிருந்து வரும் ஆசை ஐப்பசி முதல் இடியோடு ஓடிவிடுகிறது. போய்ச் சேரும் இடத்தில் யாரோ எதிர்பார்த்து நிற்கிறார் என்றால் கால் தானாக இறங்கும்.

தம்பி, நான் தினமும் 6:05 க்குத் தேரடி டீக்கடை வாசலில் இருப்பேன். சாம்பல் நிற வண்டி, பின் கேரியரில் நீலப் பை. வாருங்கள். வராவிட்டால் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள், மழையில் எங்கே விழுந்து கிடக்கிறீர்களோ என்று நான் கவலைப்படாமல் இருப்பேன்.

நேயன் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். என் விதி எளிது. அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் சக்கரத்தை வைக்க மாட்டேன். சுரங்கப்பாதை எதிலும் மழைநாளில் இறங்க மாட்டேன். மின்பெட்டி அருகே தண்ணீர் தேங்கியிருந்தால் தெருவையே மாற்றிவிடுவேன். மூடியில்லாத பாதாளச் சாக்கடையைக் கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். புயல் எச்சரிக்கை நாளில் வண்டியைத் தொடுவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது எங்கள் தெருவில் நின்றிருந்த தூங்குமூஞ்சி மரம் என் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை மேல் விழுந்தது. அன்று வெளியே போகாததால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர்_மருத்துவர்
அக்டோபர் 17, இரவு 10:20

தண்டையார்பேட்டை நண்பருக்கும் சர்க்கரை உள்ள மற்றவர்களுக்கும் சில சொற்கள்.

வெறும் காலோடும் செருப்போடும் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், கீறியது தெரியாது, புண் ஆறவும் நாளாகும். வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். நனைந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதைவலியும் கண் சிவப்பும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், தண்ணீரில் இறங்கியதையும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். எதிர்க்காற்றில் உழைப்பு கூடும், வழக்கமான தூரத்திலேயே சர்க்கரை தாழலாம். மழையில் ஒதுங்கி நின்று நேரம் தள்ளிப்போவதும் உண்டு. உடம்பு நடுங்கினால் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். வியர்வையும் படபடப்பும் சேர்ந்தால் அது சர்க்கரைத் தாழ்வாக இருக்கும்.

எண்ணூர்_முகத்துவாரம்
நவம்பர் 2, மாலை 5:10

தாமதமாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. மழை பெய்து ஓய்ந்த காலைதான் எண்ணூர், மணலி வட்டாரத்தில் ஆண்டின் மிகத் தூய்மையான காலை. புகையையும் புழுதியையும் மழை கழுவிவிடும். அந்த நாளைத்தான் நீங்கள் தவறவிடுகிறீர்கள்.

மார்கழியும் தையும் அப்படியல்ல. இரவில் தரை குளிர்ந்துவிடும், தரையோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக மூடி போட்டது போல நிற்கும். ஆலைப்புகையும் கண்டெய்னர் லாரிப் புகையும் மேலே போக வழியில்லாமல் மூக்கு மட்டத்திலேயே தங்கும். வெயில் ஏறி ஏழு, ஏழரை ஆகும்போதுதான் கலையும். எண்ணூர் விரைவுச் சாலையில் பனிமூட்டம் என்று நாம் நினைப்பதில் பாதி புகை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த இரண்டு மாதமும் ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். போகி அன்று எவரும் ஓட்ட வேண்டாம். பழைய டயர் எரித்த புகையில் விமானங்களே தாமதமான ஆண்டுகள் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் ஆற்றில் கலந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. அந்த மாதம் நான் சைக்கிளில் முகத்துவாரம் வரை போய்ப் போய்ப் பார்த்து வந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. மறுபடி நாரைகள் இறங்குகின்றனவா என்று பார்க்கத்தான் போனேன். இன்றும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

தண்டையார்பேட்டை_48
டிசம்பர் 5, காலை 9:25

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நானும் குறித்து வருகிறேன். போனது 38 நாள், போகாதது 11. போகாத நாளிலெல்லாம் ஐயாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டேன்.

முதல் வாரம் நான் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். இரவே உடையை நாற்காலியில் மடித்து வைத்துவிடுகிறேன். செல்பேசியைக் கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு ரப்பர் பேண்டு. வந்ததும் மாற்ற உலர்ந்த துண்டும் சட்டையும் கதவருகே கொக்கியில். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் மறுநாளைக்குள் ஓரளவு காய்ந்துவிடுகிறது. மழைக்கோட்டை விட்டுவிட்டேன். உள்ளே வியர்த்து எப்படியும் நனைகிறது. மழையில் நனைந்தபடி ஓட்டினால் முதல் ஐந்து நிமிடம்தான் குளிர், பிறகு உடம்பு சூடேறிவிடுகிறது.

பாதி வழியில் திரும்பலாம் என்றும் எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். புது வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம் வரை போய்ப் பார்ப்பது, முடியாவிட்டால் திரும்புவது. இதுவரை திரும்பியது இரண்டே முறை. அங்கிருந்து மேலே மெட்ரோ பாலம் தொடங்கிவிடுகிறது. பெருமழை பிடித்தால் தூணோரம் ஒதுங்கி நிற்கலாம். பாலத்துத் தண்ணீர்க் குழாய் கொட்டும் தூணாகப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

நேற்று கார்த்திகைப் பௌர்ணமி. ஆண்டுக்கு மூன்று நாள்தான் திருவொற்றியூர்க் கோயில் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் களைந்து புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். கோயில் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்து நான் டீயோடு திரும்பிவிடலாம் என்றேன். ஐயா விடவில்லை. இருவர் வண்டியையும் ஒரே சங்கிலியில் பூட்டிவிட்டு வரிசையில் நின்றோம். ஈரக் கால்சட்டை தொடையில் ஒட்டியபடி ஒன்றே கால் மணி நேரம். கருவறை விளக்கு வெளிச்சத்தில் தைலம் மினுங்கியது. அருகில் நின்ற ஓர் அம்மா தன் முந்தானையால் பேரனின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் நேற்றுதான் அந்தத் தரிசனம் கிடைத்தது.

வியாசை_வண்டி
டிசம்பர் 5, பிற்பகல் 1:40

படிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது அண்ணா. அடுத்த பரிசோதனை எப்போது?

தண்டையார்பேட்டை_48
டிசம்பர் 5, இரவு 8:15

தை மாதம், சகோதரி. எண் என்னவாக வந்தாலும் வண்டி மூலைக்குப் போகாது.

கொடுங்கையூர்_நேயன்
டிசம்பர் 9, இரவு 9:30

அண்ணா, நான் இன்னும் மாடிப்படிதான். தையில் சாலை காய்ந்ததும் ஒரு நாள் உங்களோடு வருகிறேன். எலும்பு சேர்ந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்தால் வரும் நடுக்கம்தான் இன்னும் போகவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

மின்ட்_பட்டறை
டிசம்பர் 9, இரவு 10:50

தம்பி, வண்டியை முதல் வாரமே கொண்டு வாருங்கள். உட்காரும் சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தருகிறேன். இரு காலும் தரையில் ஊன்றும்படி இருந்தால் நடுக்கம் குறையும். பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை_48
டிசம்பர் 22, காலை 7:05

ஐயா, நேற்றும் இன்றும் தேரடியில் உங்களைக் காணவில்லை. டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. எதுவும் எழுதவும் இல்லை. காலடிப்பேட்டையில் எந்தத் தெரு என்று நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. மாலை வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் வருகிறேன்.

காலடிப்பேட்டை_காற்று
டிசம்பர் 23, காலை 10:30

தம்பி நேற்று மாலை தூறலில் வீடு தேடி வந்துவிட்டார். மூன்று வீடு தள்ளிக் கதவைத் தட்டி விசாரித்திருக்கிறார். எனக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை. எழுந்து உட்காரத் தெம்பில்லாததால் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும். மருமகள் கஞ்சி கொடுக்கிறாள். இன்று காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்கு நாள் ஓய்வு, பிறகு 6:05.

தம்பி, நேற்று சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியபோது பார்த்தேன், உங்கள் பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது. நாளை கிளம்பும் முன் அடித்துக்கொள்ளுங்கள்.